ஆட்டுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ்

எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொன்று எழுதித் தர வேண்டுமாம். மேடையில் பேசக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருப்பேன். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் சரி என்றேன்.

அந்தப் பிள்ளைகள் கேட்டது இதுதான். “அம்மா, இப்ப மெஷின் வந்துடுச்சு. கிருமி இருக்கா, மருந்து கேக்குமா எல்லாம் அதுவே சொல்லிடுது. கொஞ்ச நாள் மருந்து உள்ள போயிட்டா வீட்டுக்கு அனுப்பலாம்னுகூட சொல்றாங்க. நீங்க இருந்தப்போ டி.பி. வார்டுல இருந்து ஆளை எதை வச்சு வெளியே விட்டீங்க?”

எதை வைத்து என்றால், ஒரு கோழிக் கதையை வைத்து. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கும்போது யாருக்காவது இருமல் வருகிறதா என்றுதான் என் காது பார்த்தது. பழக்கம் விடவில்லை.

நான் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டினார்கள். ஐந்தாவது முடித்ததும் நானும் ரப்பர் மரத்துக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு மிச்சமிருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டு வந்தார்கள். முகாமில் இருந்தபோது ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். நான் சொல்லப் போகிற ஆட்களில் சிலர் இன்னும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் கண்ணில் படுகிறார்கள். வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், யாரும் இல்லை. விளக்குமாற்றையும் பினாயிலையும் கையில் கொடுத்தார்கள், மூக்கில் மாஸ்க்கைக் கட்டினார்கள், அவ்வளவுதான் பயிற்சி.

டி.பி. வார்டு பெரிய கட்டடத்தை விட்டுத் தள்ளி, மேட்டில் இருந்தது. தகரம் போட்ட நீளக் கொட்டகை. இரண்டு பக்கமும் ஜன்னல். கடல் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். மழைச்சாரல் கட்டிலை நனைத்தாலும் ஜன்னலைச் சாத்தக் கூடாது. “கட்டிலை நகர்த்து, ஜன்னலைத் தொடாதே” என்பார் டாக்டர் சாப்.

டாக்டர் சாப் வங்காளி. வயிறு முன்னால் வரும், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். பேச்செல்லாம் ஹிந்தி. நான் தமிழில் எழுதுகிறேன். வார்டுக்குள் நேராக வர மாட்டார். வாசலுக்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உள்ளே யார் இருமுகிறார்கள், எப்படி இருமுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். முதலில் பார்த்தபோது, பாவம், நின்றுகொண்டே தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஆளை வெளியே விட அவருக்கு மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். மருந்து எங்கள் கண் முன்னால் ஒழுங்காக உள்ளே போயிருக்க வேண்டும். இருமல் அடங்கியிருக்க வேண்டும். சளியை ஸ்லைடில் தேய்த்துப் பார்த்தால் கிருமி தெரியக் கூடாது, அதுவும் ஒரு தடவை பார்த்து விட்டுவிட மாட்டார். இந்த மூன்றும் சரி என்றால் நாலாவதாக ஒரு கேள்வி வரும். “எதில் ஏறிப் போகிறாய்? ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள்?” தமிழ்ப் பெண்களிடம் இதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் குழறும். “வீட்ல ஒரே ரூம்ல எத்தனை பேருங்க” என்று மாற்றிக் கேட்டுவிடுவேன்.

இருமல் அடங்கியதா என்று பார்க்கத்தான் கோழிக் கதை. நோயாளிகள் எல்லோரும் டாக்டரைக் கண்டதும் இருமலை விழுங்கிவிடுவார்கள். சிரிப்பு வந்துவிட்டால் விழுங்க முடியாது. நெஞ்சில் சளி இருந்தால் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இருமலும் வெளியே வரும். அதற்காக டாக்டர் சாப் ஒரு கதை வைத்திருந்தார்.

“ஒரு கோழி கப்பல் டிக்கெட் வாங்கப் போயிற்று. ‘பங்க் கிளாஸ் நிரம்பிவிட்டது, ஒரே ஒரு அரை டிக்கெட்தான் இருக்கிறது’ என்றான் கிளார்க். கோழி உடனே கவுண்டர் மேல் ஏறி ஒரு முட்டை போட்டது. ‘அப்படியானால் இவனை மட்டும் அனுப்பு’ என்றது.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். நான் அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. ஆனால் நோயாளிகள் டாக்டர் மனசு நோகக் கூடாது என்று சிரித்து வைப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இருமி மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது பார்வதி அக்காவுக்கு வருகிறேன். ராமநாதபுரத்துக்காரி. ஜெட்டிப் பக்கம் இட்லிக் கடை. அவள் பேச்சுச் சத்தத்துக்கு வார்டுத் தகரம் அதிரும். மின்விசிறி கிரீச்சென்று சுற்றினாலும் அதைப் பார்த்துச் சிரிப்பாள், சிரித்தால் இருமுவாள். அவள் மகள் தெற்குக் கடைசித் தீவில், கேம்பல் பே என்ற ஊரில் இருந்தாள். அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றிய பழைய பட்டாளத்துக்காரர் குடும்பம் ஒன்றில், பஞ்சாபிப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. கப்பல் ஒன்று கிளம்பப் போகிறது என்று சேதி வந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று கடலுக்கும் தெரியாது, கப்பல் ஆபீசுக்கும் தெரியாது.

“நான் போகலேன்னா எம்புள்ளைக்கு யாரு இருக்கா, செல்லம்மா? அந்த சம்பந்தியம்மாவுக்குப் பிரசவ லேகியம்னா என்னன்னு தெரியுமா? ரொட்டியும் மோரும் குடுத்துப் படுக்கப் போட்டுருவா.”

“டாக்டர் சாப் விட்டா போகலாம்க்கா.”

“அந்தாளு விடுவாரு. நீ பாரு.”

அவளுக்கு மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதை வைத்து இவ்வளவு தைரியம் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு கட்டில் தள்ளி மாலதி இருந்தாள். ரங்கத் ஊர்ப் பக்கத்து வங்காளி வீட்டு மருமகள், சின்னப் பெண். அவளுக்கு ஏற்கெனவே நன்றாகிவிட்டது. போன தடவை ஸ்லைடு சுத்தம். இன்னொரு தடவை சுத்தம் என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். அதைச் சொன்ன அன்றைக்குத்தான் அவள் முகம் வாடியது. வீட்டில் மாமியார், நாலு மாடு, கிணறு. இங்கே காலையில் பால், முட்டை. மத்தியானம் யாரும் எழுப்பாத தூக்கம். “என் தட்டு முட்டையை இங்கேதான் நானே சாப்பிடுகிறேன்” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

ஸ்லைடு முடிவு வந்தது. பார்வதி அக்காவுக்குக் கிருமி இல்லை. மாலதிக்குக் கிருமி இருக்கிறது.

வார்டே ஆச்சரியப்பட்டது. பார்வதி அக்கா மட்டும் ஆச்சரியப்படாமல் துணிகளைப் பையில் அடுக்கினாள். மாலதி அழ வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் அழுதாள்.

டாக்டர் சாப் வந்தார். மாலதியிடம் கோழிக் கதையைச் சொன்னார். அவள் கலகலவென்று சிரித்தாள். இருமலே இல்லை. நெஞ்சு மணி மாதிரி இருந்தது. பிறகு பார்வதி அக்காவிடம் போய் அதே கதையைச் சொன்னார். அவள் கோயில் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக்குச் சிரிக்கிறவள், உதட்டைக்கூட அசைக்கவில்லை.

“பார்போத்தி, இது சிரிக்க வேண்டிய கதை” என்றார் டாக்டர் சாப். அவர் வங்காளி வாயில் பார்வதி அப்படித்தான் வரும்.

“எங்க ஊர்ல கோழி பாவம்னு நெனைப்போம், சாப்.”

அவர் என்னைக் கைகாட்டி வெளியே கூப்பிட்டார்.

“செல்லம்மா, சளி டப்பாவில் நம்பர் எங்கே எழுதுகிறீர்கள்?”

“மூடியில், சாப்.”

வேறு எங்கே எழுதுவது? எங்கள் தீவு ஈரத்துக்கு டப்பாவின் பக்கத்தில் ஒட்டிய பிளாஸ்திரி விடிவதற்குள் கழன்று தரையில் கிடக்கும். அதனால் சிஸ்டர் மூடி மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதச் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இரண்டு பேருக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கிறது.

டாக்டர் சாப் கண்ணை மூடிக்கொண்டார். “கிருமி கட்டில் விட்டுக் கட்டில் நடக்காது. மூடி டப்பா விட்டு டப்பா நடக்கும்.” பிறகு கண்ணைத் திறந்தார். “நாளைக் காலையில் ஒவ்வொருவராக வெளியே பாதாம் மரத்தடிக்குக் கூட்டிப் போ. பக்கத்தில் நின்று வாங்கு. நம்பரை டப்பாவின் பக்கத்திலேயே ஆணியால் கீறு. பார்போத்திக்கு உண்மையிலேயே நன்றாகியிருந்தால் கப்பலைப் பிடிக்கட்டும். இல்லையென்றால், பங்க் கிளாஸ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே.”

தெரியும். கச்சாலில் இருந்து வந்தபோது கப்பலின் அடித்தளத்தில்தான் வந்தோம். அடுக்குக் கட்டில்கள், திறக்காத ஜன்னல். ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்து, அதை அவருக்கு அடுத்தவர் இழுத்து, அப்படித்தான் வந்து சேர்ந்தோம். எங்கள் முகாமிலிருந்து பிறகு எத்தனை பேர் இருமிக்கொண்டு இதே வார்டுக்கு வந்தார்கள் என்று நான் பார்த்தவள். கேம்பல் பே அதையும் தாண்டி, கடைசியில் இருக்கிறது. அவ்வளவு தூரமும் மூடிய அறை. இறங்கினால் பச்சைக் குழந்தை.

மறுநாள் காலையில் கப்பல் ஜெட்டியில் நின்றது. மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும். மத்தியானம் கிளம்பும். மாலதி மரத்தடியில் நின்று, நான் பார்க்கிறேன் என்றதும், தலையைக் குனிந்துகொண்டு இருமிப் பார்த்தாள். கொஞ்சம்தான் வந்தது. அதையே வாங்கி அனுப்பினேன். அடுத்து பார்வதி அக்கா.

“வாய் கொப்பளிச்சாச்சா அக்கா? காத்து முதுகுக்கு வர்ற மாதிரி நில்லுங்க. மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சுல இருந்து இருமித் துப்பணும்.”

“தெரியும்த்தா. தெனமும் வேதம் மாதிரி ஓதுற.”

‘த்தூ’ என்று துப்பி நீட்டினாள். வெறும் எச்சில். தண்ணீர் மாதிரி இருந்தது. அதை லேபுக்கு அனுப்பினால் கிருமி இருந்தாலும் காட்டாது.

“இது எச்சில்க்கா. சளி வேணும்.”

“சளி இருந்தாத்தானே வரும்! எனக்குத்தான் நல்லாயிருச்சே. ஸ்லைடு சொல்லிருச்சே.”

“மூடி சொல்லுச்சு.”

இது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவு.

“செல்லம்மா, நீயும் பொம்பளதானே. எம்புள்ள அங்க தனியா கெடக்கு. நான் மாஸ்க்கு கட்டிக்கிட்டே போறேன். இருமல் வந்தா முழுங்கிக்கிறேன். சத்தியமா.”

“கப்பல்ல தூங்கறப்போ எப்படிக்கா முழுங்குவீங்க? பக்கத்துக் கட்டில்ல குழந்தை இருந்தா?”

அவள் கப்பலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாயை இறுக்க மூடியிருந்தாள். கெஞ்சினால் இவள் இருமப் போவதில்லை, அதட்டினாலும் மாட்டாள், எனக்கு அதட்டவும் வராது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் இல்லாதபோது எல்லோர் மாதிரியும் நடித்துப் பார்ப்பேன். பெட்ஷீட் காயப்போடும்போது சிஸ்டர் மாதிரிக் கொடியை அதட்டுவேன். லேப்காரர் மாதிரி வாளியிடம் சலித்துக்கொள்வேன். இதுவரை கொடிக்கும் வாளிக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

பாதாம் மரத்தில் சமையல்காரரின் ஆடு கட்டியிருந்தது. நான் வயிற்றைத் தள்ளினேன். கையைப் பின்னால் கட்டினேன். ஆட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு அதன் மூச்சைக் கேட்டேன். பிறகு ஆட்டின் முன்னால் போய், டாக்டர் சாப் குரலில், கோழிக் கதையைச் சொன்னேன். முட்டை போடும் இடத்தில் அவர் கண்ணாடியைத் தூக்குவாரே, அதையும் செய்தேன். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

ஆடு என் முந்தானையை மென்றது.

“ஹூம்” என்றேன். “கான்சி நஹி. இருமல் இல்லை. டிஸ்சார்ஜ்!”

ஆடு ‘மே’ என்றது.

பார்வதி அக்காவின் வாயிலிருந்து முதலில் ஒரு சீட்டிச் சத்தம் வந்தது. அடக்கிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அப்புறம் உடைந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே இருமல் எழுந்தது. அடி வயிற்றிலிருந்து, கரகரவென்று, கண்ணில் தண்ணீர் வர, நிற்காத இருமல். நான் காற்று வரும் பக்கம் நகர்ந்து நின்று டப்பாவை நீட்டினேன்.

அவள் நினைத்திருந்தால் மண்ணில் துப்பியிருக்கலாம். ஒரு நொடி மண்ணைத்தான் பார்த்தாள். அப்புறம் டப்பாவை என் கையிலிருந்து அவளே வாங்கித் துப்பினாள். மூடியைத் திருகினாள்.

“இந்தா. பக்கத்துல கீறு. மூடியில எழுதாத, அது நாசமாப் போற மூடி” என்றாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள். “சிரிக்க வச்சுக் கழுத்தறுத்துட்டியேடி, ஊமைக்கோட்டான்.”

லேப்காரர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியே சொன்னார், ஸ்லைடு முழுக்கக் கிருமி என்று. மத்தியானம் கப்பல் ஹாரன் அடித்தபோது பார்வதி அக்கா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். பால் வேண்டாம் என்றாள். முட்டை வேண்டாம் என்றாள். என்னைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு வார்டைப் பெருக்க எனக்குக் கை வரவில்லை. சிரிக்க வைத்தது வேண்டும் என்றேதான் செய்தேன். ஆனாலும் அந்த ஹாரன் சத்தம் நெஞ்சில் இடித்தது.

மாலதிக்கு ஸ்லைடு சுத்தம். அவள் மாமியார் ரங்கத்திலிருந்து பஸ் ஏறி, பாராடாங்கில் படகு மாறி, முகத்தைச் சுளித்துக்கொண்டு அழைத்துப்போக வந்தார். டாக்டர் சாப் அவரை நாற்காலியில் உட்கார வைத்து ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

“உங்கள் மருமகளுக்கு மருந்து மூன்று. ஒன்று மாத்திரை. இரண்டாவது தினமும் முட்டை. மூன்றாவது மத்தியானத் தூக்கம். கிணற்றில் தண்ணீர் இழுக்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் நோய் திரும்பி வரலாம். திரும்பினால் வீட்டில் யாரைப் பிடிக்கும் தெரியுமா? வயசானவர்களை.”

மாமியார் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். மாலதி தரையைப் பார்த்து நின்றாள். படி இறங்கும்போது அவள் பையை மாமியாரே தூக்கிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து சிஸ்டர் அறைக்கு போன் வந்தது. பார்வதி அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். போனை வைத்துவிட்டு வந்த அக்கா, அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

“அந்த சம்பந்தியம்மா எம்மகளுக்குக் கோதுமை மாவை நெய்யில வறுத்து, முந்திரி போட்டு உருண்டை பிடிச்சுக் குடுக்குறாளாம். கால் அமுக்கி விடுறாளாம். ராத்திரி பிள்ளைய அவளே வச்சுக்கிறாளாம்.”

“நல்லதுதானேக்கா.”

“என்ன நல்லது? பிரசவ லேகியம் குடுத்தாளா? கேளு! குடுக்கல!”

அன்றைக்கு முட்டை சாப்பிட்டாள். என் பங்கு டீயையும் குடித்தாள்.

பிறகு மாத்திரை தவறவில்லை. இருமல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. சளி கொடுக்க மரத்தடிக்கு அவளே முன்னால் நடப்பாள், டப்பாவில் நம்பரை அவளே சரி பார்ப்பாள். ஸ்லைடு சுத்தமாக வந்தது. அடுத்த தடவையும் சுத்தம். அடுத்த கப்பலும் வந்து ஜெட்டியில் நின்றது. பையில் லேகியம் ஒரு பெரிய பாட்டில் இருந்தது.

புறப்படும் நாள் டாக்டர் சாப் வந்தார். வாசலில் நின்று கண்ணை மூடிக் கேட்டார். உள்ளே வந்து கோழிக் கதையை ஆரம்பித்தார். பார்வதி அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“சாப், அன்னைக்கு நான் இருமலுக்குப் பயந்து சிரிக்காம இருந்தேன்னுதானே நெனச்சீங்க? பாதி அது. மீதி, உங்க கதை அப்படி. இதை எங்க செல்லம்மா ஆட்டுக்குச் சொல்லணும், நீங்க கேக்கணும்.”

“செல்லம்மாவா? எந்த ஆடு?” என்றார். அத்தனை வருஷத்தில் என்னிடமிருந்து ‘ஹாங் ஜி’, அதாவது ‘சரிங்க’, தவிர அவர் அதிகம் கேட்டதில்லை.

எனக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது. வார்டு முழுக்க என்னைப் பார்த்தது. “செய்யுடி, நான் திரும்ப வர மாட்டேன், பாத்துட்டுப் போறேன்” என்றாள் பார்வதி அக்கா. மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டேன். பாதி முகம் மறைந்தால் பாதி வெட்கம் போகிறது. வயிற்றைத் தள்ளினேன், கையைப் பின்னால் கட்டினேன். ஆடு இல்லாததால் டாக்டர் சாப் முன்னாலேயே போய் நின்றேன். அவர் கதையை அவருக்கே சொன்னேன். இல்லாத கண்ணாடியைத் தூக்கினேன். கண்ணை மூடினேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வேலை போயிற்று என்று நினைத்தேன். பிறகு ‘ஹோ’ என்று ஒரு சத்தம். டாக்டர் சாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு ஏற ஏற, அதன் வாலில் ஒரு இருமல் வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது கரகரவென்று வந்தது.

வார்டு சட்டென்று அமைதியானது.

நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் எப்படிக் கேட்பாரோ அப்படியே தலையைச் சாய்த்துக் கேட்டேன். “ஹூம்” என்றேன். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புது சளி டப்பாவை எடுத்து அவரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். “காலையில வாய் கொப்பளிச்சிட்டு, சாப். நெஞ்சுல இருந்து.”

மறுநாள் ஒழுங்காகக் கொண்டு வந்து கொடுத்தார். ஸ்லைடு சுத்தம். அவர் ஒளித்துக் குடிக்கும் சிகரெட்டின் வேலை அது என்று லேப்காரர் சொன்னார். ஆனால் அது மறுநாள். அந்த நிமிஷம் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, நம்பர் எங்கே இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தார் டாக்டர் சாப். அதைப் பார்த்துத்தான் பார்வதி அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தகரம் அதிரச் சிரித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள், படி இறங்கிக்கொண்டே சிரித்தாள்.

நான் ஜன்னலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு பாதாம் மரத்தைத் தாண்டி, ஜெட்டிப் பாதையில் இறங்கி, தேயும் வரைக்கும் கேட்டேன். நடுவில் ஒரு இருமல்கூட இல்லை.